புட்டு ஆணா பெண்ணா

குளப்பிட்டிச் சந்தியில்
மாபிள் கடைக்கு மேல்மாடி.
ஒன்பது பேர் படிக்கிறோம்.
ஏழு பேருக்கு அங்கே புருசன்,
யூட் கொன்ஸ்ரனுக்கு மனிசி,
பிறேமளாவுக்கு இன்னும் ஒருத்தரும் இல்லை,
எதற்கும் படித்து வைக்கிறாள்.

வில்வராசா மாஸ்டர்
பாரிசில் பதினொரு வருசம் கோப்பை கழுவினவர்,
பிடித்து ஏற்றி அனுப்பினார்கள்.
அவருடைய பிரெஞ்சில்
கெதியா, சுடுது, விலத்து, கத்தி எங்கே
எல்லாம் தண்ணீர் மாதிரி வரும்.
'தயவுசெய்து' மட்டும்
புத்தகத்தைப் பார்த்துத்தான்.

முதல் நாள் பலகையில் ஆறு கோடு இழுத்து
"இதுதான் பிரான்ஸ்" என்றார்.
உள்ளே வளைத்து வளைத்து
சென், லுவார், கறோன், றோன்.
"ஆறு எண்டால் என்னெண்டு தெரியுமோ?"

கிணறு தெரியும். கடல் தெரியும்.
மாரியில் மட்டும் வரும் வழுக்கியாறு தெரியும்,
சித்திரையில் அதற்குள் ஆடு மேயும்.

பிறகு சீஸ் பாடம்.
அதுவும் பூமிசாஸ்திரம்தான்:
பிறீ ஓர் இடம், ரொக்போர் ஓர் இடம், கமம்பேர் ஓர் இடம்.
மணம் எப்படி?
"மழையில நனைஞ்ச கருவாடு."
பிடிக்குமா சேர்?
"தட்டில மிஞ்சி வந்ததிலதான்
நான் அந்த நாட்டைச் சாப்பிட்டன்" என்றார்.
அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

குசினிக்கு குய்சீன்.
"எங்கட சொல்லைக் களவெடுத்திட்டாங்கள்" என்றான் யூட்.
பாணுக்குப் பேன்.
மூக்கால் சொல்ல வேண்டும்.
எட்டுப் பெண்களும் தலையைச் சொறிந்து சொறிந்து
சிரித்து முடியக் கால்மணி.

ஆனால் வெறும் பேன் என்று சொல்லக்கூடாதாம்.
துய் பேன்.
பாணில் கொஞ்சம்.
உலகத்துப் பாண் முழுவதையும் ஒருவராலும் தின்னேலாது,
அதனால் துய்.
அந்த இடத்தில் எனக்குப் பாடம் விளங்கியது:
கலியாணம் முடித்து இரண்டு வருசம்,
பதினெட்டு நாள் பக்கத்தில்,
மிச்சம் போனில்.

உப்பு ஆண். வெண்ணெய் ஆண்.
இறைச்சி பெண். ஜாம் பெண்.
ஏன் என்று கேட்டால்
"அவங்களுக்கே தெரியாது, எழுது."

கொழும்பில் வாய்மொழிப் பரீட்சை.
காலையில் என்ன சாப்பிட்டாய் என்று
கட்டாயம் கேட்பார்களாம்.
நான் எழும்பிச் சொன்னேன்,
துய் புட்டு.
"து லா" என்றாள் பின்வாங்கில் பிறேமளா.

குழலில் இருந்து நிமிர்ந்து வாறது, ஆண்தான் என்றான் யூட்.
ஆவியில் அவியிறது ஆர், என்றாள் அவள்.
கை தூக்கச் சொன்னோம். நாலுக்கு நாலு.
மாஸ்டர் யார் பக்கமும் நிற்கவில்லை.

பள்ளியில் படித்தோம்:
புட்டு அஃறிணை. சம்பல் அஃறிணை.
சட்டி, அகப்பை, அடுப்பு, அதன் சாம்பல்.
சாப்பாட்டில் ஆண் பெண் பார்க்காத மொழி,
பந்தியில்தான் பார்ப்போம்.

இரவு அவருக்கு வொய்ஸ் போட்டேன்.
லாச்சப்பலில் எங்கட சாப்பாட்டுக் கடைக் கண்ணாடியில்
புட்டுக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது?
விடிய மூன்றரைக்குப் பதில் வந்தது,
பின்னால் றெயில் வரும் இரைச்சல்,
ஒரு பெண் குரல் அறிவிக்கிறது,
அவள் சொன்னதில் எனக்கு
'இரண்டு' மட்டும் விளங்கியது.

"பார்க்கேல்லையப்பா.
நான் போகேக்கையும் பூட்டு,
வரேக்கையும் பூட்டு."

மாஸ்டர் கடைசியில் சொன்னார்:
"உங்களுக்கு ஏன் கரைச்சல்,
எல்லாரும் பாண் எண்டு சொல்லுங்கோ."
கீழே சந்தியில் பாண்காரனின் ஓட்டோ
அதே பாட்டைப் போட்டுக்கொண்டு திரும்பியது.
எட்டுப் பேர் எழுதினார்கள்:
காலையில் நான் துய் பேன் சாப்பிட்டேன்.

நான் புட்டு என்றே எழுதினேன்.
அதற்கு முன்னால்
ஒரு சின்னச் சொல்லுக்கு
இடம் விட்டு.